நின்று சமைக்க ஒரு மேடை

திருவாலங்காட்டில் எங்கள் பழைய வீட்டு அடுப்படி இருட்டாக, கரி படிந்து கிடக்கும். எழுபதுகளின் தொடக்கம் அது. தரையிலிருந்த மண் அடுப்பின் முன் குந்திக் குந்தி எனக்கு முட்டி தேய்ந்துபோயிற்று. நின்று சமைக்க மேடை வேண்டும் என்று என் வீட்டுக்காரரை நச்சரித்தேன். அறுவடை முடிந்ததும் அடுப்பை இடித்து, கடப்பாக்கல்லில் மேடை போட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வாங்கி வைத்தார்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. அரிவாள்மனை தரையில். கத்திரிக்காய் நறுக்கக் குந்தினேன். அதற்குள் சோறு பொங்கி வழிந்தது, ஓடினேன். அம்மியும் தரையில். தேங்காய் அரைக்கக் குந்தினேன். மேலே குழம்பு அடிபிடிக்கும் வாடை, மறுபடியும் எழுந்தேன். முன்பெல்லாம் ஒருமுறை குந்தினால் சமையலை முடித்துத்தான் எழுவேன். அடுப்பை மட்டும் மேலே ஏற்றச் சொன்ன என் புத்தியை என்ன சொல்வது!

மத்தியானம் அவர் வந்து, வழக்கம்போலத் தரையில் இலைக்கு முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னாமே, இப்போ முட்டி வலி தேவலையா?" என்று சிரித்தார். "அப்படியே கொஞ்சம் கொழம்பு ஊத்து."

மேடையிலிருந்து கரண்டியோடு திரும்பினேன்.

"நின்னுக்கினே சாப்டுங்க," என்றேன்.