உப்புத் தேர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் வேலை பார்க்கும் பொழுதுபோக்குப் பூங்காவில் ‘திருவிழாத் தெரு’ என்று ஒரு பகுதி உண்டு. சீசனுக்கு ஒரு வேஷம் போடும். பொங்கலுக்குக் கரும்புப் பந்தல், கிறிஸ்துமஸுக்குப் பஞ்சுப் பனி. அங்கே ஆளைக் குட்டையாகவும் நெட்டையாகவும் காட்டும் கண்ணாடி அறையை நானும் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணும் கவனித்துக்கொண்டோம். அவள் பிரம்மதேசம் கிராமத்தில் விவசாயக் குடும்பம். என்னைவிடச் சின்னவள், வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்பாள்.

கூட்டமில்லாத மதியங்களில் நிறையப் பேசுவோம். ஒருநாள் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்து அவருக்குப் பாதமெல்லாம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். என் கல்யாணத்தில் பாத பூஜைக்கு உட்கார வெட்கப்பட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக சாக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தார். கழற்றவே மாட்டேன் என்றார். சாக்ஸின் மேலேயே தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டேன். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அன்றைக்கே விளையாட்டாக, “உப்புலயே ஒரு தேர் கட்டி வெச்சா ஜனம் வந்து பாக்கும்ல?” என்றும் சொன்னேன்.

கோடை தொடங்கியதும் எனக்கு அம்மை போட்டது. தினமும் போன் பண்ணி விசாரித்தாள். வேலையைப் பற்றிக் கேட்டால், “அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ ரெஸ்ட் எடுக்கா” என்பாள்.

உடம்பு தேறிப் போனபோது கண்ணாடி அறை இல்லை. அந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று உப்புத் தேர் நின்றது. பக்கத்தில் பட்டுப்புடவையில், காதோரம் மைக் மாட்டி அவள்.

“எங்க அப்பா உப்பளத்துல வேல செஞ்சவருங்க. என் கல்யாணத்துக்கு சாக்ஸ் போட்டுக்கினு வந்தாருங்க…”

அவள் அப்பாவை எனக்குத் தெரியும். பிரம்மதேசத்தில் அவர் கையால் இளநீர் வாங்கிக் குடித்திருக்கிறேன். கூட்டத்தில் என்னைப் பார்த்தாள். குரல் தடுமாறவில்லை. சாக்ஸில் தண்ணீர் ஊற்றியதுவரை சொல்லி முடித்தாள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரத்தில் பிடித்துக் கேட்டேன்.

“ஏண்டி, அது எங்க அப்பாடி.”

“மேனேஜர் புதுசா எதுனா கேட்டாருக்கா. நீ இருந்தாலும் மைக்ல சொல்லியிருப்பியா? சொல்ல மாட்ட. அதான் நான் சொன்னேன்.”

சோற்றைப் பிசைந்துகொண்டேதான் சொன்னாள். அம்மைத் தழும்போடு வெளியே வந்தபோதுகூட நான் அப்படிக் கூசிப்போகவில்லை. மேனேஜரிடம் போகலாம் என்று எழுந்தேன். என்னவென்று சொல்வது? என் அப்பாவை வாங்கிக் கொடுங்கள் என்றா?

என்னை டிக்கெட் கேட்டுக்கு மாற்றினார்கள். மழை வந்ததும் தேர் கரைந்தது. தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அப்புறம் ஒருநாள் காலையில் அவள் கேட்டுக்கு வந்து, முன்போலவே என் தோளில் கை வைத்தாள்.

“அக்கா, அடுத்து மாசி மகம் செட்டு போடறாங்க. உங்க பக்கம் கடலுக்கு சாமி வருமே, சின்ன வயசுல நீ போயிருப்பல்ல?”

“எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல” என்றேன்.

அவள் என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு போனாள். மாலை வீடு திரும்பும் வேனில், அவள் எப்போதும் உட்காரும் என் பக்கத்து சீட்டில் பையை வைத்துக்கொண்டேன்.