ஏலத்தில் நான் கேட்காத பிள்ளை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இரண்டு சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு சங்கு குளிக்கப் போனவன். இன்றைக்கு என் விசைப்படகுகள் மூன்று தூத்துக்குடியில் நிற்கின்றன. ஐஸ் கம்பெனி வைத்தேன்; ஆறு மாதம் தாங்காது என்றார்கள், இன்றும் ஓடுகிறது. கடற்கரையை ஒட்டி இரண்டு மாடி வீடு கட்டினேன். எங்கள் கோவில் மணிக்கூண்டுக்கு அடித்தளத்திலிருந்து உச்சிச் சிலுவை வரை கூடவே நின்று வேலை வாங்கியவனும் நான்தான். கைகொடுத்துத் தூக்கிவிட எனக்கு ஒருத்தரும் இல்லை. பெருமைக்குத்தான் எழுதுகிறேன். பொய்யான அடக்கம் எனக்கு வராது.

ஆனால் நான் கட்டியதிலேயே கெட்டியானது ஒரு வாக்கு. அதற்குள் என் மூத்த மகனை வைத்துப் பூட்டினேன். பிறகு நானும் மாட்டிக்கொண்டேன்.

அப்போது அவன் எட்டு மாதக் குழந்தை. கடலுக்கடியில் பாறையில் கிடந்த அறுந்த வலை என் காலைச் சுற்றிக்கொண்டது. படகிலிருந்து காற்று வருகிற குழாயும் அதில் மடங்கிவிட்டது. அசைய அசைய வலை இறுகுகிறது. வாயைத் திறக்க வழியில்லை. 'தாயே, என்னை மேலே ஏற்று, என் பிள்ளையை உனக்கே தருகிறேன், சாமியாராக்குகிறேன்' என்று மனதுக்குள் மாதாவிடம் சொன்னேன். இடுப்புக் கத்தி கைக்கு வந்தது. அறுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ந்துகொண்ட பிள்ளையைத் திருவிழாவன்று கோவில் முற்றத்தில், சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கையில் கொடுப்பார்கள். அவர் தூக்கிக் காட்டி ஏலம் விடுவார். பெற்றவர்களே கேட்டு, காணிக்கை போட்டு, பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். வேறு யாரும் போட்டிக்கு வர மாட்டார்கள். கடவுளுக்குக் கொடுத்ததும் ஆயிற்று, அவர் வளர்க்கச் சொல்லித் திருப்பித் தந்ததும் ஆயிற்று.

உபதேசியார் மூன்று தரம் கூவினார். நான் வாயைத் திறக்கவில்லை.

“ஏலே, கேளுல! புள்ள அழுவுதாம்லா!” என்றார்.

“கொடுத்தது கொடுத்ததுதான். நான் திருப்பிக் கேக்க மாட்டேன்.”

என் மனைவி காதுத் தோட்டைக் கழற்றப் போனாள். அவள் கையைப் பிடித்து அமுக்கினேன். “ஆம்பளைன்னா இவன்தாம்ல” என்று பின்னால் ஒருவன் சொன்னான். அந்தச் சொல்லில் எத்தனை வருடம் குளிர் காய்ந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். உபதேசியார் முழித்தார். “எனக்குப் பால் குடுக்கத் தெரியாதுய்யா. மாதா புள்ளைன்னு நீயே வச்சு வளத்துக்க” என்று குழந்தையை என் கையில் திணித்தார். முற்றமே சிரித்தது. ஆனால் ஏலம் முடியவில்லை.

தெருவில் அவனுக்குக் 'குட்டிச் சாமி' என்று பெயர் விழுந்தது. பந்து விளையாடினால், “சாமி, பாத்து, அங்கி கிழிஞ்சிரும்” என்பார்கள். வளர்ந்து, சாமியார் படிப்புக்குக் குருமடத்துக்குப் போனான். கோவிலில் எனக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது.

போன வருடம், குருப்பட்டத்துக்குச் சில மாதம் இருக்கும்போது, பெட்டியோடு வாசலில் வந்து நின்றான்.

“அப்பா, என்னயச் சாமி கூப்பிடல. நீங்கதான் கூப்பிட்டிய.”

“வலைல கெடந்தது நீயால, நானால?”

“நீங்க மேல வந்துட்டிய. நான் இன்னும் அங்கனதாம் கெடக்கேன்.”

குருமடத்து அதிபர் முடிவை அவனிடமே விட்டிருந்தார். இவன்தான் என் வாயிலிருந்து 'போ' என்று வராமல் விலகல் கடிதம் கொடுக்க மாட்டேன் என்றான். “நாளைக்குப் படகுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எம்மேலதான சொல்லுவிய” என்றான். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. வார்த்தையைத் திருப்பி எடுத்தால், விட்ட உயிரைக் கடல் கேட்காதா?

மூன்று வாரம் அவன் மாடி அறையை விட்டு இறங்கவில்லை. நான் கீழே கிடந்தேன். தெருக்கதவைத் திறந்தால், “சாமி லீவுக்கு வந்திருக்காவளோ?” என்று யாராவது கேட்பார்கள். அதனால் ஐஸ் கம்பெனிக்குப் பின்கதவைத் திறந்து கடற்கரைப் பக்கமாகவே போனேன். நான் கட்டிய வீட்டில் எனக்கு முன்வாசல் இல்லாமல் போனது.

மனைவி ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: “கடலுக்குப் பயப்படுதியளா, ஊருக்குப் பயப்படுதியளா? ஒண்ணச் சொல்லுங்க.”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எங்கள் கோவில் பங்குச் சாமியாரிடம் போனேன். என் மகனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்.

“ஐயா, உடன்படிக்கைன்னா ரெண்டு பக்கமும் சம்மதிக்கணும். உங்க பையன் எப்ப சம்மதிச்சாரு? சொந்தமானதத்தான் அர்ப்பணிக்க முடியும்.”

“எம்புள்ள எனக்குச் சொந்தமில்லையா?”

“அன்னைக்கு ஏலத்துல கேட்டிருந்தா கொஞ்சமாவது ஆகியிருப்பாரு” என்று சிரித்தார்.

“அப்ப மாதாவுக்கு நான் என்னத்தக் குடுக்க?”

“நீங்க இருக்கியல்லா.”

அந்த ஞாயிறு பூசை முடிந்து அறிவிப்பு வாசித்ததும் எழுந்து மைக்கைப் பிடித்தேன். “என் உசிருக்காக எம்புள்ள உசிரத் தந்தேன். அவனக் கேக்கல. தப்பு என்னுது. அவன் போகட்டும். நேர்ச்சைக்கு நான் நிக்கேன்” என்றேன். அம்மா வற்புறுத்தியதால் வந்து கடைசி வரிசையில் நின்ற மகன் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினான்.

“சம்மாட்டி, இந்த வயசுல உம்மள எந்தக் குருமடத்துல சேப்பாவ?” என்று ஒருத்தன் கத்தினான். படகு முதலாளியைக் கேலி செய்ய நேரம் கிடைத்தால் எங்கள் ஆட்கள் விடுவார்களா?

இப்போது அந்த நேர்ச்சைக்காகத் தினமும் காலையில், நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகும் சாமியாரை என் வண்டியில் நானே கூட்டிப் போகிறேன். காற்று பலமாக அடிக்கிற நாளில் மூன்று படகும் கரை சேரும் வரை சோறு இறங்காது. அந்தப் பயத்திலிருந்து எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. கிடைத்தது மகனுக்கு.

அவனுக்குப் போன மாதம் கல்யாணம். விருந்தில் நன்றி சொன்னான். வழிகாட்டிய சாமியாருக்கு, விடாமல் செபித்த அம்மாவுக்கு, பெருந்தன்மையோடு அனுப்பிய அதிபருக்கு. கடைசியில், “பந்தல் வேலையைக் கவனித்த அப்பாவுக்கும்.”

பந்தலா? சாமியார் புத்தி சொன்னார், ஒப்புக்கொள்கிறேன். அவள் செபித்தாள், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் வரிசையை விட்டு எழுந்து, கொடுத்த வாக்கை ஊர் முன்னால் திருப்பி எடுத்தவன் யார்? பிள்ளையைக் கொடுத்த கதையை ஊர் இத்தனை வருடம் சொன்னது. அவனைப் போக விட்டவனும் நான்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதலில் என் மகன் சொல்லட்டும்.