பஞ்சாங்கத்திலிருந்து வந்த கொலைகாரன்

ஆம்பூரில் பீடி சுற்றத் தெரியாமலே பீடிக் கொட்டகையில் காலம் தள்ளியவர் கனகராஜ். அவர் வெட்டினால் இலை கோணும், வைத்தால் தூள் கொட்டும், கட்டினால் நூல் அவிழும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி மக்பூல் அகமது சொல்லிவிட்டார்: "கனகராஜு, நீ சுத்துற பீடிய பத்த வெச்சா பீடி எரியாதுய்யா, வாங்கினவன் வயிறுதான் எரியும்."

ஆனாலும் அவரை வெளியே அனுப்பவில்லை. கனகராஜுக்கு நல்ல தொண்டை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர் வேறு. பீடிக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் மடியில் முறத்தை வைத்து, கை அதன் பாட்டுக்குச் சுற்ற, காதை அவரிடம் கொடுத்துவிடுவார்கள். காலையில் பத்திரிகை, சாப்பாட்டுக்குப் பிறகு கதை. படிக்கிறவருக்கு வேலை கெடுமே என்று சாயங்காலம் ஆளுக்கொரு பீடிக்கட்டை அவர் முறத்தில் போட்டுவிடுவார்கள். அந்தக் கட்டுகளில்தான் கனகராஜ் வீட்டு உலை கொதித்தது.

கதை என்றால் துப்பறியும் கதைதான். புராணம் படித்துப் பார்த்தார்கள், தூக்கம் வந்தது. காதல் கதை படித்தார்கள், பீடி தளர்ந்து போனது. கொலை நடக்கிற கதையில்தான் விரல்கள் பறந்தன. அதை முதலில் கண்டுபிடித்தவர் முதலாளி. சீக்கிரமாக ஆர்டர் முடிக்க வேண்டிய நாளில் கதவருகே வந்து நின்று, "இன்னிக்கு கொலை இருக்கா?" என்று விசாரிப்பார். "சாயந்தரம் இருக்கு பாய்" என்பார் கனகராஜ். முதலாளி நிம்மதியாக வெற்றிலை போடுவார்.

நாவல்கள் பஜாரில் இருந்த வாடகை நூலகத்திலிருந்து வரும். ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிற புத்தகங்கள். அநேகமாகக் கடைசிப் பக்கங்கள் இருக்காது. மற்ற ஊர்களில் இப்படியானால் நூலகக்காரரோடு சண்டை போடுவார்கள். கனகராஜ் சண்டை போடத் தெரியாதவர். ஒரு நாள் பக்கம் தீர்ந்ததும் வெறும் அட்டையைப் பார்த்தபடியே தொடர்ந்து படித்தார். கொலைகாரனை அவரே தேர்ந்தெடுத்தார். கொட்டகை ஆரவாரித்தது. "எழுதினவன் கில்லாடிடா" என்றார் சுப்பராயன். கேட்பவர்களில் மூத்தவர் அவர், எந்தக் கதையையும் லேசில் ஒப்புக்கொள்ளாதவர்.

அதற்குப் பிறகு கனகராஜ் நூலகத்துக்குப் போவதை விட்டுவிட்டார். பழுப்புத்தாள் அட்டை போட்ட ஒரே புத்தகத்தை மாதக்கணக்கில் பிரித்துப் பிடித்துக்கொண்டு, துப்பறியும் ஜெயவேலனை ஊர் ஊராக அலையவிட்டார். கையில் ஏதாவது அச்சடித்த தாள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் அவருக்கு வார்த்தை வராது. வீட்டில் மனைவி கமலவேணி திட்டும்போது பதில் சொல்ல முடியாமல் போனதற்கும் இதுவே காரணம்.

அந்தக் கதையின் வில்லன் கறுப்புக் கோட்டு போட்டவன், சுருட்டுப் பிடிப்பவன், இடது கால் விந்தி நடப்பவன். கோட்டும் சுருட்டும் எல்லா வில்லன்களுக்கும் உள்ளவை. கால் மட்டும் ஜன்னல் வழியாக வந்தது. வில்லனுக்கு ஓர் அடையாளம் அவசரமாகத் தேவைப்பட்ட நேரத்தில் வெளியே ஜான் பாஷா போய்க்கொண்டிருந்தார். பச்சைத் தோலுக்குப் போடும் உப்பைப் பக்கத்துத் தோல் கம்பெனிக்கு மாட்டு வண்டியில் கொண்டுவருகிறவர். எப்போதோ உப்பு மூட்டை விழுந்து அவர் இடது கால் பிசகியிருந்தது. கனகராஜ் அந்தக் காலை அப்படியே எடுத்து வில்லனுக்கு மாட்டிவிட்டார்.

அந்த வில்லன் கதாநாயகி பத்மாவதியைக் கொன்ற நாளில் சுப்பராயன் அழுதார். பீடித்தூள் ஒட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் மேலும் அழுதார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த 1958-இல், ஒரு நல்ல வெயில் நாளில், தோல் கம்பெனி மைதானத்தில் காயப்போட்டிருந்த ஆட்டுத்தோல்கள் ஒரு கொடி முழுக்கக் காணாமல் போயின. பட்டப்பகலில். காவல்காரர் இருதயராஜ் இருக்கும்போதே.

இருதயராஜ் இருந்தார்தான், ஆனால் மைதானத்தில் இல்லை. கொட்டகை ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயவேலன் சாக்கடைக்குள் இறங்கியிருந்தார். அவரை அந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? போலீஸ் வந்து கேட்டபோது இதைச் சொன்னால் வேலை போய்விடும். ஏதாவது சொல்லியாக வேண்டும். கடைசியாகக் காதில் விழுந்தது எதுவோ அதுவே வாயில் வந்தது.

"ஒருத்தன் போனான் ஐயா. கறுப்புக் கோட்டு. வாயில சுருட்டு. இடது காலை விந்தி விந்தி நடந்தான்."

சப்-இன்ஸ்பெக்டர் கோதண்டராமன் ஊருக்குப் புதியவர். கொட்டகைக்குள் வந்து, "நீங்க யாராவது பாத்தீங்களா?" என்றார். மைதானத்தைப் பார்த்த பெரிய ஜன்னல். எல்லாருடைய கண்ணும் அந்தப் பக்கமே இருந்தது. கண் இருந்ததே தவிர யாரும் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அதிகாரியிடம் "பாக்கல" என்று சொல்வது மரியாதையா?

"கறுப்புக் கோட்டு ஐயா" என்று ஆரம்பித்தார் சுப்பராயன்.

"சுருட்டு" என்றார் அடுத்தவர்.

"இடது கால்" என்றது கொட்டகை முழுவதும்.

இத்தனை பேர் ஒரே மாதிரி சாட்சி சொல்லிக் கோதண்டராமன் தன் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. சாயங்காலமே ஜான் பாஷாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் வீட்டில் கோட்டு இல்லை. ஒளித்துவிட்டான் என்று முடிவானது. சுருட்டும் பிடிக்கமாட்டார்; எவ்வளவு தந்திரக்காரன், பழக்கத்தையே மறைத்துவிட்டான் என்று முடிவானது. கால் மட்டும் இருந்தது. அது போதும் என்று முடிவானது.

மறுநாள் காலை கனகராஜ் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலில் முனவ்வர் பேகம் வந்து நின்றார், ஜான் பாஷாவின் மனைவி. அவர்கள் வீடு கொட்டகையின் பின்சுவரை ஒட்டி இருந்தது.

"கனகராஜ் அண்ணா, கொஞ்சம் வெளிய வாங்க."

வந்தார்.

"என் வீட்டுக்காரரு கோட்டு போட்டு நீங்க எப்போ பாத்தீங்க?"

"நான் சொல்லலம்மா. அவங்கதான்..."

"அவங்க எங்க பாத்தாங்க? சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நானும்தான் தினம் கேக்கறேன். கறுப்புக் கோட்டு, சுருட்டு, இடது காலு. பத்மாவதிய கொன்னவன். நானே அவன எவ்ளோ சாபம் உட்டேன்! இப்போ அந்தச் சாபம் எங்க வீட்டுக்கே வந்து உக்காந்துக்கிச்சு. நாளைக்கு வேலூர் ஜெயிலுக்கு அனுப்பறாங்களாம். அது கதைல வந்த ஆளுன்னு போய்ச் சொல்லுங்க. புக்க காட்டுங்க."

இதில்தான் கனகராஜ் மாட்டிக்கொண்டார். புத்தகத்தைக் காட்டினால் அதில் அப்படி ஓர் ஆளே இல்லை. தானே கட்டிவிட்டது என்று சொன்னால், இத்தனை நாளும் புத்தகம் படிக்கிறேன் என்று சொல்லி வாங்கிய பீடிக்கட்டுகள் என்ன ஆகும்? தொண்டையைத் தவிர அவருக்குத் தொழில் கிடையாது.

"நாளைக்குப் போறேம்மா."

"நாளைக்குப் போனா ஜெயில் வாசல்லதான் பாப்பீங்க. இப்போ வாங்க." முன்னால் நடந்தார். முறத்தை இறக்கி வைத்துவிட்டுக் கொட்டகையே பின்னால் வந்தது. சேதி கேட்டு இருதயராஜும் சேர்ந்துகொண்டார்.

ஸ்டேஷனில் கோதண்டராமன் பழுப்பு அட்டைப் புத்தகத்தை முதலிலிருந்து முடிவு வரை புரட்டினார். பெங்களூரில் ஒரு பங்களா, ஒரு வைர நெக்லஸ், அதைத் திருடிய சமையற்காரன்.

"இதுல நொண்டியே இல்லையேய்யா?"

"அவன் புக்குல இல்லைங்க. நான் வெச்சது."

"நீ வெச்சதா?"

"கதையே என்னுதுங்க."

கோதண்டராமன் சுப்பராயனைப் பார்த்தார். "என்னய்யா, இவன் சொந்தமா கதை கட்டுவானா?"

சுப்பராயன் வாய்விட்டுச் சிரித்தார். "இவனா? பீடிக்கு நூல் கட்டவே தெரியாதவன் ஐயா. ஜெயவேலன் மூளை இன்னா, இவன் மூளை இன்னா! ஜான் பாஷா தோஸ்த்தாச்சேன்னு காப்பாத்தப் பாக்கறான்."

கொட்டகை முழுவதும் தலையாட்டியது. தங்களை இத்தனை மாதம் கட்டிப்போட்டவன் இவன் என்று ஒப்புக்கொள்ள ஒருவருக்கும் மனம் வரவில்லை.

"சரி" என்றார் கோதண்டராமன். "இப்போ சொல்லு. கேப்போம்."

கனகராஜ் நின்றார். தொண்டையைச் செருமினார். ஒன்றும் வரவில்லை.

"பாத்தீங்களா?" என்றார் சுப்பராயன்.

"கையில ஏதாவது தாள் வேணுங்க" என்றார் கனகராஜ், தரையைப் பார்த்து. "எதுவா இருந்தாலும் சரி."

சுவரில் ஆணியில் தொங்கிய போன வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பிடுங்கிக் கொடுத்தார் ஒரு கான்ஸ்டபிள். கனகராஜ் அதைப் பிரித்தார். குரு பெயர்ச்சிப் பலன் இருந்த பக்கத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். குரல் வந்தது.

"சாக்கடையிலிருந்து ஏறிய ஜெயவேலன் மணலில் பதிந்த காலடிகளைக் கூர்ந்து பார்த்தார். இடது காலடி மட்டும் ஆழமில்லாமல் இருந்தது. 'நொண்டிதான் சார்!' என்றான் உதவியாளன். ஜெயவேலன் புன்னகைத்தார். 'இல்லை. இது நொண்டியின் காலடி இல்லை. செருப்புக்குள் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு நொண்டியைப் போல நடந்தவனின் காலடி. ஊரில் கால் விந்துகிற ஓர் அப்பாவி இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியும்!'"

"அடப்பாவி!" என்றார் சுப்பராயன் தன்னை மறந்து.

எழுதிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் பேனாவை வைத்தார். லாக்கப்பில் உட்கார்ந்திருந்த ஜான் பாஷா எழுந்து கம்பியருகே வந்தார்.

கனகராஜ் பக்கத்தைப் புரட்டினார். ராகு காலம் வந்தது. "ஜெயவேலன் சாட்சிகள் பக்கம் திரும்பினார். 'நீங்கள் யாரும் அவனைப் பார்க்கவில்லை. கேட்டதைச் சொன்னீர்கள். முதலில் சொன்னவன் பயத்தில் சொன்னான். அவன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. எங்கே இருந்தான் என்று சொல்லட்டுமா?' அவர் விரல் மெல்ல மெல்ல நீண்டது..."

"நான் பாக்கல ஐயா!" ஜன்னலில் எக்கி நின்ற இருதயராஜ் கத்தினார். "ஜெயவேலன் ஐயா சொல்றது நெஜம்தான். நான் மைதானத்துலயே இல்ல. ஜன்னல்ல கதை கேட்டுக்கினு இருந்தேன்!"

பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். "நானும் சரியா பாக்கல", "எனக்கு வெயில்ல கண்ணு கூசிச்சு", "சுப்பராயன் சொன்னாரேன்னுதான் நானும்." சுப்பராயன் மட்டும் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்: "கோட்டு மட்டும் பாத்த மாதிரிதான் இருந்திச்சு."

லாக்கப் திறந்தது. "போய்யா, வீட்டுக்குப் போ" என்றார் கோதண்டராமன்.

ஜான் பாஷா அசையவில்லை. "கொஞ்சம் இருங்க சார். கல்லு போட்டுக்கினு நடந்தவன் யாருன்னு கேட்டுட்டுப் போயிடறேன்."

"இன்னும் ஆசை தீரலியா?" என்று அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார் முனவ்வர் பேகம். கோதண்டராமனுக்கும் கேட்க வேண்டும் போல்தான் இருந்தது. பதவி தடுத்தது.

தோல் திருடியவன் பிற்பாடு வாணியம்பாடியில் விற்கும்போது அகப்பட்டான். கோட்டு இல்லை, சுருட்டு இல்லை, இரண்டு காலும் சரியாக இருந்தன. அவன் பெயரை ஊரில் யாரும் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் ஜான் பாஷா வீடு திரும்பிய மறுநாளே கொட்டகையில் கனகராஜ் புத்தகத்தைப் பிரித்தபோது, "மூடு" என்றார் சுப்பராயன்.

"இன்னாண்ணே?"

"பத்மாவதிய யாரு கொன்னது?"

"அந்தக் கறுப்புக் கோட்டு..."

"அவன வெச்சவன் யாரு? நீ. அப்போ கொன்னது யாரு? அச்சுல இருந்தா விதின்னு உட்டுடலாம். நீயா நெனச்சு கொன்னிருக்கியே! அந்தப் பொண்ணு உனக்கு இன்னாய்யா பண்ணிச்சு? நான் அன்னிக்கு சோறு துன்னல, தெரியுமா?"

கொட்டகை கனகராஜைப் பார்த்தது. மாதக்கணக்கில் தேடிய கொலைகாரனைக் கடைசியில் கண்டுபிடித்துவிட்ட பார்வை அது. அன்று சாயங்காலம் அவர் முறத்தில் ஒரு கட்டும் விழவில்லை.

அடுத்த நாள் அவர் நூலகத்துக்குப் போய் உண்மையான நாவல் ஒன்றைக் கொண்டுவந்தார். அச்சிட்டதை ஓர் எழுத்துக்கூட மாறாமல் படித்தார். கைகள் தூங்கின. பீடி தளர்ந்தது. வாசலில் வந்து நின்ற முதலாளி, "இன்னா கனகராஜு, கொலையே இல்லியா?" என்றார். "ரெண்டு ஆச்சு பாய்" என்றார் கனகராஜ். "தெரியவே இல்லியே!" என்று போனார் முதலாளி.

அதே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே உப்பு வண்டி நின்றது. ஜான் பாஷா இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கனகராஜு, ரெண்டு ராத்திரியா எனக்குத் தூக்கம் இல்ல. கல்லு போட்டவன் யாரு?"

கனகராஜ் சுப்பராயனைப் பார்த்தார். சுப்பராயன் ஒரு பீடியைச் சுற்றி, நூல் கட்டி, முனையை மடித்து முடித்தார்.

"அந்தப் பொண்ணு செத்ததா நெசமா சொன்னாங்க? பொணத்துக்கு முகம் தெரிஞ்சிச்சா?" என்றார் முறத்தைப் பார்த்தபடி.

கனகராஜ் புத்தகத்தை நிமிர்த்திப் பிடித்தார். "பிணத்தின் முகத்தை இதுவரை யாரும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் ஜெயவேலனுக்கு உறைத்தது" என்று தொடங்கினார்.

விரல்கள் பறந்தன. பத்மாவதி ஓசூர்ச் சாலையில் ஒரு பாழும் மண்டபத்தில் உயிரோடு இருந்தாள்.

"அதெல்லாம் சரி. நம்ம காலுக்கு ஒரு நியாயம் சொல்லு. ஊர்ல பசங்க இன்னும் திருடன்றானுங்க" என்றார் ஜான் பாஷா.

கனகராஜ் ஒரு பக்கத்தைப் புரட்டினார். பத்மாவதியைக் காப்பாற்ற, ஓடும் ரயிலிலிருந்து ஜெயவேலன் குதித்தார். இடது கால் பிசகியது. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் எத்தனையோ வருஷம் எத்தனையோ கொலைகளைத் துப்பறிந்தார். ஆனால் அந்தக் கால் மட்டும் குணமாகவே இல்லை.

அன்று கதை முடிந்ததும் உப்பு வண்டி கம்பெனி வாசலுக்கு நகர்ந்தது. ஜான் பாஷா அதில் ஏறவில்லை. எல்லாரும் பார்க்கும்படி, விந்தி விந்தி, பக்கத்தில் நடந்து போனார்.