நிற்காமல் போன லாரியின் மூன்று எழுத்து

1. விளையாட்டு

எழுபதுகளின் கடைசியில் என்னைப் புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு மாற்றினார்கள். திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே, எல்லையில், விற்பனை வரி செக்போஸ்டில் கிளார்க் வேலை. மனைவியும் மகளும் புதுச்சேரியிலேயே இருந்தார்கள். எனக்குத் தலத்தெருவில் ஓர் அறை.

முதல் நாள் பொறுப்பை ஒப்படைத்த கிளார்க் சொன்னது இவ்வளவுதான்: "வர்ற வண்டி நம்பர எழுதுங்க, பில்லப் பாருங்க, சீல் போடுங்க. மத்த நேரம் உங்க பாடு."

மத்த நேரம்தான் அதிகம். காற்றும் மணலும் தவிர அங்கே பேச்சுத்துணை கிடையாது. அப்போது வண்டி நம்பருக்கு முன்னால் மூன்று இங்கிலீஷ் எழுத்து இருக்கும். அந்த மூன்றும் அதே வரிசையில் உள்ளே வருகிற மாதிரி ஒரு வார்த்தை தேட ஆரம்பித்தேன். MDN என்று ஒரு லாரி வந்தால் முதலில் MAIDEN கிடைக்கும். அது போதாது, இன்னும் நீளமாக வேண்டும். சீல் போட்டு முடிப்பதற்குள் MEDICINE வந்துவிடும்.

தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்கும் சவரிமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு லாரி போனதும் ஜன்னலண்டை வந்து நிற்பார்.

"இதுக்கு என்ன சார் வந்துச்சு?"

"மெடிசின்."

"மருந்துதானே? நல்ல வார்த்த சார்."

மத்தியானம் அவர் வீட்டு மீன் குழம்பில் பாதி என் தட்டுக்கு வரும். அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மனிதர் அவர்தான்.

TN என்று ஆரம்பிக்கிற வண்டி என்றால் TRANSFER என்ற வார்த்தை தானாக முன்னால் வந்து நிற்கும். ஊருக்குப் போகிற ஆசைதான், வேறென்ன. TNS, TNF, TNE, TNR நாலுமே அதற்குள் அடங்கும்.

2. விபத்து

ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் காரைக்கால் பக்கமிருந்து ஒரு லாரி வேகமாக வந்தது. சவரிமுத்து கட்டையை இறக்கப் போனார். லாரி நிற்கவில்லை. கட்டை முறிந்தது. அவர் அலறியதைக் கேட்டு நிமிர்ந்தேன். புழுதிக்குள் லாரியின் பின்பக்க நம்பர் ஒரு கணம் தெரிந்தது. TRANSFER என்றது மனசு. அவ்வளவுதான், லாரி மறைந்துவிட்டது.

அவருடைய வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கிப்போயிருந்தது.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு லாரி நின்றது. TNS வண்டி, முன் விளக்கு உடைந்திருந்தது. அதன் டிரைவர் ஒல்லியான ஆள், சுவரோரம் குந்தியிருந்தான்.

"கல்லு பட்டு ஒடஞ்சுது சார். நான் அந்தப் பக்கமே வரல சார்" என்று என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

"இதானே சார் வண்டி?" என்றார் ஏட்டு.

"TN வண்டி. மூணாவது எழுத்து நிச்சயமாத் தெரியல."

"நல்லா யோசிங்க சார்."

யோசித்தேன். எழுத்திலிருந்து வார்த்தைக்குப் போவது எனக்குப் பழக்கம். வார்த்தையிலிருந்து எழுத்துக்குத் திரும்பி வர வழியில்லை. S ஆகவும் இருக்கலாம், R ஆகவும் இருக்கலாம். நாலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாலுமே பார்த்த மாதிரிதான் இருந்தன.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

3. ஆஸ்பத்திரி

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியமேரி கட்டிலருகே நின்றிருந்தார்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுமாமே அண்ணே. கேசு நின்னாதான் நஷ்டஈடு வருமாம். அவரு இனிமே எப்புடி நிப்பாரு?"

"அந்த வண்டிதான்னு எனக்குத் தெரியாதும்மா."

சவரிமுத்து கண்ணைத் திறந்தார். "வௌக்கு ஒடஞ்சிருக்கு, எழுத்தும் ஒத்து வருது. இன்னும் என்னா சார் வேணும் ஒங்களுக்கு?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேறு சாட்சி இல்லாததால் டிரைவரை விட்டுவிட்டார்கள். வேறு எந்த லாரியும் பிடிபடவில்லை. அவன்தான் இடித்தானா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவனாக இருந்திருந்தால், நண்பனுக்குக் கிடைக்க வேண்டியதைக் கெடுத்தவன் நான். அவனாக இல்லாவிட்டால், நான் செய்தது சரி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எத்தனையோ வருஷம் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

சவரிமுத்து கால் விந்தியபடி திரும்பி வந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள், அதே அறையில், எனக்கு எதிர் மேஜை. "சார், பில்லு." "சார், சீலு." அதற்குமேல் பேச்சில்லை. மத்தியானமானால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். லாரிகள் வந்தன. நான் எழுத்தை எழுத்தாகவே பார்த்து எழுதினேன்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கண்ணில் பட்டதை முதலில் எழுதுங்கள், அதை வைத்து விளையாடுவதெல்லாம் பிறகு. நிச்சயமில்லாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடவும் பழகிக்கொள்ளுங்கள்.