செல்களுக்குப் பந்தி வைத்த சுகிர்தா

"சாப்டுங்க, வெக்கப்படாதீங்க" என்று உபசரித்தபடியே தட்டுகளில் செந்நிற ஊட்டத் திரவத்தை விடுகிறாள் சுகிர்தா. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் கொட்டகைகளுக்கு நடுவே மனிதச் செல் வளர்க்கும் சின்ன ஆய்வகம் அது. முகக்கவசம் போட்டாலும் அவள் வாய் மட்டும் ஓயாது.

போன புதன்கிழமை அவள் முன்னால் இரண்டு தட்டுகள். ஒன்றில் மேல்தோல் செல்கள், மற்றதில் அடித்தோலின் நார்ச் செல்கள். சைட்டோகைன் என்பது செல்லுக்குச் செல் சேதி சொல்லும் புரதம். அதை நார்ச் செல்களுக்கு மட்டும் விடச் சொல்லி உத்தரவு. சுகிர்தா வீட்டிலோ ஓர் இலைக்குக் குழம்பு விட்டு அடுத்த இலையைத் தாண்டிப் போகிற வழக்கமே கிடையாது. பழகிய கை, இரண்டுக்கும் விட்டுத் தொலைத்தது!

வெள்ளிக்கிழமை பார்த்தால், நார்ச் செல்கள் இடம் போதாமல் பெருகிக் கிடக்கின்றன. மேல்தோல் செல்கள் போட்டது போட்டபடி. தலைமை ஆய்வாளர் ஸுப்ரஜா நுண்ணோக்கியை விட்டு நிமிர்ந்து, "செத்துப்போச்சு, கொட்டிடு" என்றார். அந்த ரகத்தில் மிச்சமிருந்ததே அந்த ஒரு தட்டுதான். சுகிர்தாவின் வேலை நிரந்தரமாவதும் அடுத்த வாரம். பேசாமல் கொட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பேசாமல் இருக்கவா பிறந்தாள் இவள்?

"நான்தான் மேடம் ரெண்டுக்கும் ஊத்திட்டேன். ஆனா சாவல. செத்தா மெதக்கும், இதுங்க அடியில ஒட்டிக்கினுதான் இருக்குதுங்க. ஒரே சேதிதான். அத்தக் கேட்டு அவங்க ஆடுறாங்க, இவங்க குந்திக்கினாங்க. கழுவிட்டு ரெண்டு நாள் பாக்கலாம் மேடம்."

"திங்கக்கிழமையும் இப்படியே இருந்தா, தட்டோட நீயும் கிளம்பிடு."

மூன்று முறை கழுவி, சேதி கலக்காத வெறும் ஊட்டம் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் முழங்காலிட்டவள் எழுந்திருக்கவே இல்லை. அப்பா இம்மானுவேலுக்குப் பசி.

"யாருக்கும்மா இம்மா நேரம் ஜெபம்?"

"எட்டு லட்சம் பேருக்கு நைனா, எல்லாம் ஒரே தட்டுல."

திங்கள் காலை ஸுப்ரஜாதான் முதலில் நுண்ணோக்கியில் குனிந்தார். தட்டை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிறகு மெல்ல, "இங்க ஒண்ணு ரெண்டாறது... அடடா, அங்கயும்" என்றார். சுகிர்தாவின் கால் தரையில் பாவவில்லை.

"நகருங்க மேடம், நானும் பாக்கணும்."

மேடம் நகரவில்லை. தலையைச் சற்றே ஒதுக்கி, இரண்டு கண்வில்லைகளில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தார். தலையுறைகள் முட்டிக்கொள்ள, ஆளுக்கொரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருவரும் அப்படியே குனிந்து நின்றார்கள்.