கேன்டர்பரியில் மூன்று சுற்று

1. பொய்

நெல்லை ஜங்ஷனில் ஒரு டிராவல்ஸில் டூர் மேனேஜராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் முதன்முதலாக லண்டன் குரூப் கிடைத்தபோது முதலாளி கேட்டார்: "இங்கிலாந்து போயிருக்கீரா வே?"

"ரெண்டு தடவை அண்ணாச்சி" என்றேன். அதுவரை கொழும்பைத் தாண்டியதில்லை. முதலாளி அதையே குரூப்பிடமும் சொல்லிவிட்டார்.

2. மூலவர்

நான்காம் நாள் கேன்டர்பரி. அங்குள்ள பழைய பேராலயத்தின் வாசலுக்கு நடந்து போனால், லோக்கல் கைடு வரவில்லை. காய்ச்சலாம்.

"நம்ம தம்பிதான் ரெண்டு தடவை வந்திருக்காரே, அவரே சொல்லட்டும்" என்றார் பாளையங்கோட்டையில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயரான சொர்ணம் டீச்சர்.

சொன்னேன். கூரையை அண்ணாந்து பார்த்ததில் தலை சுற்றியது. அந்தக் கிறக்கத்தில் வாய் தானாக ஓடியது. நீண்ட கூடத்தை மகாமண்டபம் என்றேன், பக்கத்து நடையைப் பிரகாரம் என்றேன். கண்ணாடி ஜன்னல்களின் நீலமும் சிவப்பும் வேட்டி சேலைகளில் விழ, குரூப்பின் பதினெட்டு பேரும் தலையாட்டினார்கள். எனக்கே பெருமையாக இருந்தது.

"மூலவர் எங்கன இருக்காரு தம்பி?" என்றார் டீச்சர்.

"இந்தா, மேல" என்று படியேறினேன். மேலே வெறும் தரை. நடுவில் ஒரு மெழுகுவர்த்தி.

"மூலவரக் காணுமே வே!" என்றார் குரூப்பில் வந்திருந்த இரும்புக்கடை அண்ணாச்சி.

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நானும் இன்னைக்குத்தான் பாக்கேன். வேலைக்காகப் பொய் சொல்லிட்டேன்."

டீச்சரின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு! எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. கல் கூரை அதைப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது.

3. சுற்று

சத்தம் கேட்டு அங்கி அணிந்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் வந்தார். டீச்சர் கேட்க, அவர் விளக்கினார். இந்தக் கோயிலுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயரின் சமாதி இங்கே இருந்தது. பின்னால் வந்த ராஜா இடித்துவிட்டார். அந்த இடத்தில்தான் மெழுகுவர்த்தி. நாங்கள் ஏறிவந்த படிகள் குழிந்திருந்தது யாத்திரிகர்களின் முழங்கால் பட்டு.

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சமாதி போனா என்னவே, இடம் இருக்குல்லா? சுத்துங்க."

வரிசையாகச் சுற்றினோம். அங்கி அம்மாள் விழித்தார். மூன்று சுற்று எங்கள் ஊர் வழக்கம் என்று டீச்சர் இங்கிலீஷில் சொன்னார். மூன்றாவது சுற்றில் என் பின்னால் அங்கி சரசரத்தது. திரும்பினேன். அந்த அம்மாளேதான், முகமெல்லாம் சிரிப்பாக!

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களே, இடம் தெரியாவிட்டால் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூட்டம் உங்களை விட்டுப் போகாது. உங்களையும் கூட்டிக்கொண்டு போகும்.