முத்துச்செல்வி கையைத் தூக்கினாள்

அண்ணன் இசக்கி வேனைவிட்டு இறங்கியதும் பேச்சுவார்த்தை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மண்ணூரில், கம்பெனிப் பெண்கள் தங்கும் விடுதியின் மாடிப்படியிலேயே தங்கை முத்துச்செல்வியின் தலைமுடியைப் பிடித்து இழுத்தான். அவள் உருண்டு விழுந்தாள். உதடு கிழிந்தது. அது 2012 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை காலை. சாகத் துணிந்து, பிழைத்து, ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

முத்துச்செல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்த கையோடு வந்து, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அந்த வருஷப் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது, அண்ணன் பார்த்து வைத்த மாப்பிள்ளையை வேண்டாம் என்றாள். பெல்ட்டைக் கழற்றி அடித்தான். முதுகெல்லாம் பட்டை பட்டையாகத் தடித்திருக்க, திரும்பி வந்து, கம்பெனியில் வரிசையாக உட்கார்ந்து உதிரிபாகம் பொருத்தும் லைனில் உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு வாராவாரம் போனில் மிரட்டல். தூக்கம் போயிற்று, சாப்பாடு போயிற்று. இந்த ஒரு காரணம்தான் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மனம் அதற்கு முன்பே நைந்துகொண்டிருந்தது.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் என்று ஒருத்தி வந்து உட்கார்ந்து, போனவள் திரும்பும்வரை அவள் வேலையைப் பார்ப்பாள். ஆனால் கை தூக்கினால் சூப்பர்வைசர் பகலவன், "இன்னாம்மா, கம்பெனிக்கு வந்தியா, பாத்ரூமுக்கு வந்தியா?" என்று எல்லோரும் கேட்கக் கத்துவார். அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலைக்கு வருவார்கள். முத்துச்செல்வி ஒருமுறையும் கை தூக்கியதில்லை. அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தாள். லைனுக்கு வெளியிலும் அதுவே பழக்கமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அறைத்தோழி மாரிசெல்வி சண்டைக்கு வந்துவிட்டாள். வள்ளியூர்க்காரி, கோபம் வந்தால் தட்டை வீசுகிறவள்.

"ஏட்டி, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? கூடவே படுத்துக் கெடக்கேன், நான் என்ன கல்லா? இனிமே மனசு முட்டிச்சுன்னா கையத் தூக்கு. வாய் வரலன்னாலும் பரவால்ல. நான் வந்து பக்கத்துல உக்காருதேன்."

விடுதி வார்டன் கிளியம்மாளுக்கு வேறு யோசனை. உள்ளூர்க்காரி, இரக்கமுள்ளவள். இப்படிப்பட்ட நேரத்தில் கூடப்பிறந்தவனிடம் இருப்பதுதான் பத்திரம் என்று நம்பி, அவளைக் கேட்காமலே இசக்கிக்குப் போன் போட்டுவிட்டாள். அப்படித்தான் வேன் வந்தது.

"மானத்த வாங்கிட்டியேட்டி! சாகணும்னா ஊர்ல வந்து சாவு. ஏறு வண்டில!"

இசக்கி அவளைத் தரதரவென்று கேட்வரை இழுத்து வந்துவிட்டான். கிளியம்மாள் குறுக்கே விழுந்தாள். "யோவ், இன்னாய்யா பண்ற? இப்பத்தான் எயுந்து நிக்குது அந்தப் பொண்ணு. வுடுய்யா!" அவன் தள்ளிய தள்ளில் அவள் தண்ணீர்த் தொட்டியில் மோதிச் சரிந்தாள்.

முத்துச்செல்விக்குக் குரல் எழும்பவில்லை. வண்டியில் ஏறினால் இந்தமுறை பிழைக்கமாட்டோம் என்று தெரிந்தது. அவன் கையாலோ, தன் கையாலோ. மொட்டைமாடியில் மாரிசெல்வி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முத்துச்செல்வி கையைத் தூக்கினாள்.

மாரிசெல்வி அலறிக்கொண்டு இறங்கினாள். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கியவர்கள், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் பின்னால் ஓடி வந்தார்கள். கையிலிருந்த இரும்பு வாளியால் மாரிசெல்வி இசக்கியின் தோளில் ஓங்கி அடித்தாள். அவன் திருப்பி அறைந்ததில் அவள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"அடிலே, இன்னும் அடி! இவள வண்டில ஏத்திருவியா நீ?"

சட்டையை ஒருத்தி, காதை ஒருத்தி பிடித்தாள். இன்னொருத்தி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அந்தக் கடியில்தான் தங்கையின் முடி விடுபட்டது. கிளியம்மாளின் கூச்சலுக்கு டீக்கடையிலிருந்த ஆட்டோக்காரர்கள் ஓடிவர, வேன் டிரைவர் இசக்கியை உள்ளே தள்ளிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தாம்மா வரச் சொன்னேன். அண்ணங்காரன் பாத்துக்குவான்னு நெனச்சேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்க்கா? நான் சொல்லலியே" என்ற முத்துச்செல்வி, அன்றுதான் முதுகுத் தழும்பைக் காட்டினாள். சாயங்காலமே கிளியம்மாள் போலீசில் புகார் எழுதிக் கொடுத்தாள்.

மாரிசெல்வி மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "உண்மையச் சொல்லு. இப்பவும் சாகணும்னு தோணுதா?"

"காலைல தோணிச்சு. இப்பப் பசிக்கு."

"இதுக்கொண்ணும் குறைச்சல் இல்ல!"

கிழிந்த உதட்டில் சாம்பார் பட்டு எரிய எரியச் சாப்பிட்டாள்.

மறுநாள் மாரிசெல்வி லீவு போட்டு, அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அவளை அழைத்துப்போனாள். பிறகு ஒன்றரை வருஷம் போய்வந்தார்கள். இடையில் கெட்ட நாட்கள் வராமலில்லை. வந்தபோது மாரிசெல்வியிடம் சொன்னாள். முதல் நாள்தான் பாடு. ஆலோசகர் அம்மா எதைக் கேட்டாலும் முத்துச்செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். கடைசியில், "யாரும்மா அடிச்சது?" என்றதும், "எங்க அண்ணன்" என்று ஆரம்பித்தவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. வெளியே பெஞ்சில் மாரிசெல்வி, வீங்கிய மூக்கோடு, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள்.